ஒற்றர் நகைத்தது குற்றமா?

யுத்த காலத்தில் ஒற்றாடல் இலாகாவில் உத்தியோகம் வகித்தவர்கள், சண்டை ஓய்ந்து பல்லாண்டு கழிந்தபின் தம் அநுபவங்களை எழுத உட்காரும்போது, பயிற்சிக் காலத்தில் பட்ட அவஸ்தைகளையும் அலுவலகக் குளறுபடிகளையும் வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றும், உயிர்களைப் பணயமாக வைத்து நடந்த காரியத்தை இப்படி ஹாஸ்யமாக்குவது மாண்டவர்களுக்கு இழைக்கும் அவமரியாதை என்றும், ஆகையால் அத்தகைய நூல்களைப் பொழுதுபோக்குக்குப் படிக்கலாமேயன்றிச் சரித்திரத்துக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது என்றும் ஓர் அபிப்பிராயம் படித்தவர்களிடையே நன்றாக வேரூன்றியிருக்கிறது. சென்ற மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் கூடிய வாசகர் கூட்டத்தில், சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இதே கருத்தை மிகுந்த மனவருத்தத்தோடு எடுத்துச் சொன்னார். "சிரிக்க உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது ஐயா, சாவில் போய்ச் சிரிக்க வேண்டுமா?" என்று அவர் கேட்டபோது பலர் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். அவருடைய கல்வியையும் நெஞ்சின் ஈரத்தையும் நான் மதிக்கிறேன். ஆயினும் அவர் சொன்னது தவறு என்பதே என் துணிபு. அன்று நேரம் போதாமையால் சொல்லாமல் விட்டதை இங்கே விரித்துச் சொல்ல முற்படுகிறேன்.

என் கட்சி இதுதான்: இரண்டாம் உலக யுத்தத்தில் ஒற்றாடலைத் திறம்பட நடத்தியவர்களுக்கு நகையுணர்வு ஓய்வு நேர அலங்காரமாக இருக்கவில்லை, தொழிற்கருவியாகவே இருந்தது. பொருந்தாத ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் 'இதென்ன விந்தை!' என்று நின்றுவிடும் மனம் எதுவோ, அதுவே சிரிக்கும் மனம். பொய்யை மெய்யினின்றும் பிரித்தெடுப்பதும் அதே மனந்தான். அத்தகைய மனம் படைத்தவர்கள் எழுதிய நூல்களில் சிரிப்பு காணப்படுவது தச்சன் வீட்டில் உளி காணப்படுவதைப் போன்றது. வள்ளுவர் ஒற்றாடலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை அப்படியே நம்பாமல் வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொன்னார். செய்தியை நம்பாமை இத்தொழிலின் முதற்பாடம் என்பது இதனால் பெறப்படும். நம்பாமைக்கும் நகைக்கும் உள்ள உறவு மிக நெருங்கியது. கம்பீரமாக வந்து நிற்கும் பொய்யைக் கண்டு முதலில் உதடு நெளிகிறது, பிறகுதான் அறிவு காரணம் தேடுகிறது.

இத்தொழிலைப் பற்றி நம் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம் சினிமாவிலிருந்து வந்தது. கறுத்த உடையும் கைத்துப்பாக்கியும் சலனமற்ற முகமுமாக ஒருவன் வருவான். சிரித்தால் அது எதிரியைப் பார்த்துச் சிரிக்கும் குரூரச் சிரிப்பாக இருக்கும். உண்மையில் யுத்தகால ஒற்றாடலின் பெரும்பகுதி, கணப்பு சரியாக எரியாத அறையில் மேஜை முன்னால் உட்கார்ந்து, கத்தை கத்தையாக வந்த காகிதங்களைப் படிக்கும் வேலையே. லண்டனுக்கு வடக்கே ப்ளெட்ச்லி பார்க் என்ற பண்ணை மாளிகையில், எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் பணியில், யுத்த இறுதியில் ஏறத்தாழ 9,000 பேர் வேலை செய்தார்கள். நால்வரில் மூவர் பெண்கள். கிரேக்க மொழிப் புலவர், சதுரங்க வீரர், கணித மாணவர், ஜெர்மன் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் என்று, பட்டாளத்தின் வாசனையே அறியாதவர்களைத் திடீரென்று கூட்டிவந்து, ஒருவருக்கும் முன்னே தெரியாத ஒரு தொழிலைச் செய்யச் சொன்னார்கள். அங்கே சிரிப்பு பிறக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அப்படி வந்தவர்களுள் ஒருத்தி மேவிஸ் லீவர். பத்தொன்பது வயதுப் பெண். அவளுக்கு வாய்த்த ஆசான் டில்லி நாக்ஸ், பழைய கிரேக்கச் சுவடிகளை ஒட்டிச் சேர்த்துப் படித்துப் பழகிய பண்டிதர். புதிதாக வருபவர்களிடம் நாக்ஸ் ஒரு கேள்வி கேட்பார்: கடிகாரத்தின் முட்கள் எந்தப் பக்கமாகச் சுற்றுகின்றன? வந்தவர் வலப்பக்கம் என்பார். பார்ப்பவனுக்கு அப்படி, கடிகாரத்துக்கு எப்படி என்று நாக்ஸ் திருப்பிக் கேட்பார். பயிற்சி என்ற பெயரில் அவர் அளித்தது ஏறக்குறைய இவ்வளவே. குழந்தைகளின் விடுகதை போலத் தோன்றும் இந்தக் கேள்வியில் சங்கேதம் உடைக்கும் கலையின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் யந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவனுடைய இடத்திலிருந்து பார்க்கத் தெரிந்தவனே அவன் மறைத்ததைக் காண்பான்.

இந்தப் பயிற்சி என்ன பலன் தந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இத்தாலியக் கடற்படை உபயோகித்த எனிக்மா என்ற சங்கேத யந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. அதில் எந்த எழுத்தை அழுத்தினாலும் அதே எழுத்து வெளிவராது, வேறெந்த எழுத்தாவதுதான் வரும். ஒருநாள் மேவிஸ் கைக்கு வந்த நீண்ட செய்தி ஒன்றில் 'எல்' என்ற எழுத்து ஓரிடத்திலேனும் இல்லை. மற்ற எழுத்துகளெல்லாம் பலமுறை வந்திருக்க, ஓர் எழுத்து மட்டும் அடியோடு காணாமற் போவானேன்? அவள் கடிகாரத்தின் பக்கம் போய் நின்று யோசித்தாள். அங்கே ஒரு சோம்பேறிச் சிப்பாய் தெரிந்தான். போலிச் செய்தி ஒன்று அனுப்பிவை என்று மேலதிகாரி கட்டளையிட்டிருக்கிறார். என்ன எழுதுவதென்று யோசிக்கக்கூட மனமில்லாமல் அவன் விசைப்பலகையின் கோடியிலிருந்த அந்த ஒரே எழுத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். மூலச் செய்தி முழுவதும் ஒரே எழுத்து என்று தெரிந்துவிட்டால், யந்திரத்தின் உட்கம்பிகள் ஓடும் வழியைக் கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும்? அந்தச் சிப்பாயின் உருவத்தை மனக்கண்ணில் கண்டு அவள் சிரித்திராவிட்டால் அந்தக் காகிதம் மற்றக் காகிதங்களோடு குப்பைக்குப் போயிருக்கும்.

இதைத் தொடர்ந்து, 1941 மார்ச் மாத இறுதியில், இன்னும் மூன்று நாளில் ஒரு பெரிய காரியம் நடக்கப்போகிறது என்று பொருள்படும் இத்தாலியச் செய்தி அகப்பட்டது. அலெக்ஸாண்டிரியாத் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி கன்னிங்ஹாம், தம்மைக் கண்காணித்து வந்த ஜப்பானியத் தூதர் பார்க்கும்படியாக, கோல்ஃப் ஆடப் போகிறவரைப் போலப் பெட்டியோடு கரையிறங்கி, இருட்டிய பிறகு எவரும் அறியாமல் கப்பலுக்குத் திரும்பினார். மறுநாள் இரவு மட்டப்பான் முனைக்கு அருகில் இத்தாலி மூன்று பெரிய குரூஸர்களையும் இரண்டு நாசகாரிக் கப்பல்களையும் இழந்தது. 2,300 பேருக்கு மேல் மாண்டார்கள். இந்த எண்ணை நான் மறைக்கவில்லை. சோம்பேறிச் சிப்பாயைக் கண்டு சிரித்த சிரிப்புக்கும் அந்த மரணங்களுக்கும் தொடர்பு உண்டு என்பதை மேவிஸும் அறிந்திருந்தாள், நாமும் அறிவோம். தொடர்பு இருப்பதனால்தான் அந்தச் சிரிப்பை அற்பம் என்று ஒதுக்குவது பிழை என்கிறேன். யுத்தத்தின் போக்கை மாற்றிய ஒன்றை அற்பம் என்பது எப்படிப் பொருந்தும்?

விஞ்ஞான ஒற்றாடலுக்குத் தலைவராயிருந்த ஆர்.வி. ஜோன்ஸ் இந்த விஷயத்தை இன்னும் வெளிப்படையாகச் சொன்னவர். 1940 ஜூன் 21ஆம் தேதி காலையில், பிரதம மந்திரியின் மந்திராலோசனை அறைக்கு உடனே வரும்படி அவர் மேஜையில் ஒரு சீட்டு இருந்தது. அப்போது அவருக்கு வயது 28. நண்பர்களை ஏமாற்றிக் குறும்பு செய்வதில் பேர்போனவர் ஆகையால், யாரோ தம்மிடமே கைவரிசை காட்டுகிறார்கள் என்றெண்ணிச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு விசாரித்துக்கொண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். அங்கே சர்ச்சிலும் விமானப்படைத் தளபதிகளும் குழுமியிருந்தார்கள். ஜெர்மன் விமானங்கள் இருளிலும் குறி தவறாமல் குண்டு போட வானொலிக் கதிர்களைப் பின்பற்றுகின்றன என்பதை அந்த இளைஞர் இருபது நிமிஷம் அவர்களுக்கு விளக்கினார். வீழ்ந்த ஹைங்கல் விமானம் ஒன்றில் கிடைத்த கருவி, தரையிறங்கும்போது வழிகாட்டுவதற்கு மட்டும் உரியது என்று வெளிக்குத் தோன்றினும், அதற்குத் தேவைக்கு மிஞ்சிய நுண்மை அதில் இருந்தது. தேவைக்கு மிஞ்சியது ஏன் என்ற கேள்வியே அவரை உண்மைக்கு இட்டுச் சென்றது. யுத்தத்துக்குப் பிறகு, குறும்புக்கும் பௌதிக சாஸ்திரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் ஒரு பிரசங்கமே நிகழ்த்தினார். எதிரியை ஏமாற்றுவது எப்படியென்றால், அவன் பார்க்கும் உலகம் முழுவதும் தன்னுள் முரணின்றி இசைந்திருக்கும்படி செய்து, இறுதியில் அவன் எதிர்பார்த்ததற்கு மாறானதை நிகழ்த்துவது. நண்பனைக் கேலி செய்வதும் இதே வழியில்தான். இரண்டுக்கும் ஒரே பயிற்சி என்று ஜோன்ஸ் கருதினார். தம் தொழிலை அவர் அறிந்ததைவிட நன்றாக அறிந்தவர்கள் எவரும் நம் வாசகர் கூட்டத்தில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நகையுணர்வு இல்லாமையால் விளையும் கேட்டுக்கு உதாரணம் வேண்டுமா? ஹுவான் புஜோல் கார்சியா என்ற ஸ்பானியரின் கதையைப் பாருங்கள். அவர் லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தில் இருப்பதாகப் பாவனை செய்து, வழிகாட்டிப் புத்தகங்களின் துணையோடு ஜெர்மானியருக்கு அறிக்கைகள் எழுதி அனுப்பினார். இங்கிலாந்தை அவர் கண்ணால் கண்டதில்லை. ஷில்லிங்கும் பென்ஸும் எப்படிக் கூட்டுவதென்று தெரியாமல் செலவுக் கணக்கில் திண்டாடினார். கிளாஸ்கோ நகரத்தில் ஒரு லிட்டர் திராட்சை மதுவுக்காக எதையும் செய்யக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள் என்று எழுதினார். விஸ்கிக்குப் பேர்போன ஸ்காட்லாந்துத் தொழிலாளியைப் பற்றி இந்த வாக்கியத்தைப் படிக்கும் எவனுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஜெர்மன் அதிகாரிகளுக்கு வரவில்லை. அவர்கள் அதைப் பதிவு செய்து பெர்லினுக்கு அனுப்பினார்கள். சங்கேதத்தை உடைத்து அதே அறிக்கைகளை இரகசியமாகப் படித்த பிரிட்டிஷ்காரர்களோ, இந்த மனிதன் இங்கிலாந்திலேயே இல்லை என்பதை அதிலிருந்த விபரீதங்களைக் கொண்டே ஊகித்து, பின்பு அவரைத் தேடிப் பிடித்துத் தம்முடன் சேர்த்துக்கொண்டார்கள். கார்போ என்று அவருக்குப் பெயரிட்டார்கள்.

அதன்பின் நடந்ததை நாவலாக எழுதினால் நம்பமாட்டார்கள். கார்போ 27 உப ஒற்றர்களைக் கற்பனையாகச் சிருஷ்டித்து, அவர்களுக்கெல்லாம் ஜெர்மனியிடமிருந்து சம்பளம் வாங்கினார். அவர்களுள் ஒருவன் லிவர்ப்பூலில் கப்பல் நடமாட்டத்தைக் கவனிக்க வேண்டியவன். ஒரு முக்கியமான கப்பற்படை புறப்பட்டதை அவன் ஏன் தெரிவிக்கவில்லை என்ற கேள்வி எழாதிருக்கும்பொருட்டு அவனை நோயில் சாகடித்தார்கள். பத்திரிகையில் மரண அறிவித்தல் வந்தது. இல்லாத அந்த மனிதனின் இல்லாத விதவைக்கு ஜெர்மனி உபகாரச் சம்பளம் கொடுத்தது. 1944 ஜூன் 6ஆம் தேதி, நார்மண்டியில் படைகள் இறங்குவதற்குச் சில மணி நேரம் முன்பாக, இனி எதிரியால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்த வேளையில், கார்போ உண்மையான எச்சரிக்கையையே அனுப்ப முயன்றார். மாட்ரிட் நிலையத்தில் அந்நேரம் கேட்க ஆளில்லை. விடிந்தபின் அவர் அந்த அசட்டைக்காக ஜெர்மானியரைக் கடிந்து எழுதினார். மூன்று நாட்கள் கழித்து, நார்மண்டி வெறும் போக்குக்காட்டல், உண்மையான தாக்குதல் கலே ஜலசந்திப் பக்கம் வரும் என்று அவர் சொன்னதை ஹிட்லரின் தலைமை நிலையம் வரை நம்பினார்கள். கலேப் பக்கமிருந்த சேனைகள் நகரவில்லை. ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை அளித்தது, பிரிட்டன் எம்.பி.இ. விருது அளித்தது. மேலிடத்தின் விருப்பத்துக்கு ஒத்துவரும் செய்தியைப் பார்த்து 'இது கேலிக்கூத்து' என்று சொல்லக்கூடிய கீழதிகாரி ஒருவன் அங்கே இருந்திருந்தால் இத்தனையும் நடந்திராது. பயமிருக்கும் அலுவலகத்தில் சிரிப்பு இராது, சிரிப்பு இல்லாத அலுவலகத்தில் சந்தேகமும் இராது.

சிரிப்பை ஆயுதமாகவே எடுத்து எறிந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1943 ஏப்ரல் 30ஆம் தேதி ஸ்பெயினில் ஹுவெல்வாக் கடற்கரையோரம், மேஜர் வில்லியம் மார்ட்டின் என்ற பெயர் பொறித்த காகிதங்களோடு ஒரு பிரேதத்தைப் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மிதக்கவிட்டது. யூவன் மான்டகு முதலிய கடற்படை ஒற்றர்கள் மாதக்கணக்காக உழைத்து அந்த மேஜருக்கு ஒரு வாழ்க்கையைச் சமைத்திருந்தார்கள்: காதலியின் புகைப்படம், மோதிரம் வாங்கிய கடைச்சீட்டு, நாடகக் கொட்டகைச் சீட்டின் பாதி, கணக்கில் இருந்ததற்கு மேல் எடுத்துவிட்டீர் என்று பாங்கி எழுதிய கடிதம். தாக்குதல் சிசிலியிலன்றிச் சார்டீனியாவிலும் கிரீஸிலும் வரும் என்று எதிரி நம்பும்படி, பிரேதத்தோடு ஒரு பையில் பொய்க் கடிதங்களையும் வைத்தார்கள். அவற்றுள் பிரிட்டிஷ் தளபதி மௌண்ட்பேட்டன் பெயரால் எழுதப்பட்ட ஒன்றில், இந்த மேஜர் திரும்பி வரும்போது கொஞ்சம் மத்தி மீன் கொண்டுவரட்டும், இங்கே பங்கீட்டில் அகப்படுவது கஷ்டமாயிருக்கிறது என்று ஒரு சாதாரணப் பரிகாசம் சேர்க்கப்பட்டிருந்தது. மத்தி மீனுக்கு ஆங்கிலப் பெயர் சார்டீன்; சார்டீனியாத் தீவின் பெயர் அதில் மறைந்து நிற்கிறது. கனமான அந்தச் சிலேடையை எதிரி கண்டுபிடித்துத் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்வான் என்று எழுதியவர்கள் கணக்கிட்டார்கள், கணக்குத் தப்பவில்லை. மே மாதத்தில் ஹிட்லர் சார்டீனியாவையும் தென் கிரீஸையும் காக்கும்படி ஆணையிட, ஜூலை 10ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. ஒரு பரிகாசம் எத்தனை ஆயிரம் சிப்பாய்களை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கும் என்று கணக்கிட என்னிடம் அளவுகோல் இல்லை. ஆனால் அந்தச் சிப்பாய்களின் தாய்மார்கள் முன்னால் நின்று, நகைச்சுவை யுத்தத்துக்கு அவமரியாதை என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

இங்கே பெரியவரின் கேள்விக்கு நேராக வருகிறேன். வென்றவன் சிரிக்கலாம், செத்தவனுக்கு என்ன பதில் என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு விடை லியோ மார்க்ஸின் நூலில் இருக்கிறது. லண்டன் சேரிங் கிராஸ் வீதியில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவரின் மகன் அவர். 1942இல் இருபத்தோரு வயதில் சங்கேதப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். உடன் பயின்றவர்கள் ப்ளெட்ச்லிக்குப் போக, இவரை மட்டும் அங்கே உதவாதவர் என்று கழித்து, எதிரி நாடுகளுக்குள் ஆட்களை இறக்கும் எஸ்.ஓ.ஈ. என்ற இலாகாவுக்குத் தள்ளினார்கள். அங்கே அவரைச் சோதிக்க ஒரு சங்கேதச் செய்தியைக் கொடுத்தார்கள். இருபது நிமிஷத்தில் முடிய வேண்டியதை அவர் ஒரு பகல் முழுவதும் செய்தார். மந்தபுத்தி என்று முடிவு கட்டப்போகும் சமயத்தில்தான், அதை விடுவிப்பதற்குரிய திறவுகோலை அவரிடம் கொடுக்க மறந்துபோனது தெரிந்தது. திறவுகோல் இல்லாமலே அவர் பூட்டைத் திறந்திருந்தார். இதைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது. ஆனால் இந்தச் சிரிப்பிலிருந்தே அவர் ஒரு பயங்கரத்தைக் கண்டார். நம் ஆட்களின் சங்கேதம் திறவுகோல் இல்லாமல் ஒரே நாளில் உடையுமானால் எதிரியும் உடைப்பான் அல்லவா?

அந்த ஆட்கள் மனப்பாடமான ஒரு கவிதையிலிருந்து ஐந்து சொற்களை எடுத்துத் தம் சங்கேதத்தை அமைப்பார்கள். ஓர் எழுத்துப் பிழையாக எண்ணிவிட்டாலும் செய்தி முழுவதும் குழம்பிப்போகும். குளிரில், பசியில், கதவு எப்போது தட்டப்படுமோ என்ற கிலியில் இருப்பவன் பிழை செய்யாமல் இருப்பானா? பிழைபட்ட செய்தியை மறுபடி அனுப்பச் சொன்னால், ஜெர்மன் வண்டிகள் ஒலிவரும் திசையை அளந்து அவனைப் பிடித்துவிடும். ஆகவே மார்க்ஸும் அவரிடம் பணிபுரிந்த இளம்பெண்களும், ஒரு செய்தியையும் திருப்பிக் கேட்பதில்லை என்று விரதம் பூண்டு, ஆயிரக்கணக்கான முறை முயன்று முயன்று குழப்பத்தை அவிழ்த்தார்கள். பிழைகளோடு இப்படி இரவும் பகலும் பழகியதனால், பிழை இல்லாமை அவர் கண்ணை உறுத்தியது. ஹாலந்திலிருந்து வந்த செய்திகளில் மட்டும் பிழையே இல்லை! எல்லா நாட்டிலும் தவறு செய்யும் மனிதர்கள் ஹாலந்தில் மட்டும் தவறே செய்யமாட்டார்களா? மேஜைமேல் விளக்கெரிய, வயிறு நிறைந்த ஒரு ஜெர்மன் குமாஸ்தா நிதானமாக உட்கார்ந்து எழுதினால்தான் செய்தி இத்தனை சுத்தமாக வரும்.

அதைச் சோதிக்கச் செய்த யுக்தி ஒரு பள்ளிக்கூடப் பையனின் குறும்பை ஒத்தது. ஜெர்மன் படையின் தந்திக்காரர்கள் உரையாடல் முடிவில் ஹிட்லருக்கு வாழ்த்துக் கூறும் இரண்டு எழுத்துகளைத் தட்டுவது வழக்கம். லண்டனிலிருந்து பேசியவர், தற்செயலாக வந்ததுபோல அந்த இரண்டு எழுத்துகளைத் தட்டினார். எதிர்ப்பக்கத்திலிருந்த கை யோசியாமல் அதே இரண்டு எழுத்துகளைத் திருப்பித் தட்டியது. டச்சுத் தேசபக்தனாக நடித்தவன் பழக்கதோஷத்தால் அகப்பட்டுக்கொண்டான். ஆனால் மார்க்ஸின் சந்தேகத்தை மேலிடம் ஏற்க மறுத்து, கம்பீரமான காரணங்கள் பல சொல்லி, மேலும் மேலும் ஆட்களை ஜெர்மானியர் காத்திருந்த வயல்களிலேயே இறக்கிக்கொண்டிருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். 1944 செப்டம்பரில் மௌட்ஹௌசன் முகாமில் மட்டும் நாற்பது பேர் மாண்டார்கள். ஐயா, இவர்களைக் கொன்றது சிரிப்பா, கம்பீரமா? தாம் ஏமாந்திருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்க்க மறுத்த கௌரவமே அவர்களைக் கொன்றது என்று நான் சொல்வேன். இந்த ஏமாற்றை நடத்திய ஜெர்மன் அதிகாரி கிஸ்கெஸுக்கோ நகையுணர்வு நிறைய இருந்தது. ஆட்டம் வெளிப்பட்டபின், அவர் லண்டனுக்குத் தம் கடைசிக் கேலிச் செய்தியைச் சங்கேதமில்லாமல் அனுப்பிய தேதி 1944 ஏப்ரல் முதல் நாள். ஆகையால் நகை ஒரு தேசத்தின் சொத்தன்று. ஹாலந்தில் சிரித்தவன் ஜெர்மானியன், தோற்றது லண்டன். கார்போ விஷயத்தில் சிரித்தது லண்டன், தோற்றது பெர்லின்.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு துயரத்தையும் இங்கே நினைக்க வேண்டும். மலேயாவில் பினாங்கில் ஒற்றாடற் பயிற்சி பெற்று, 1942 செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் தானூரில் இறங்கிய வக்கம் காதர் முதலிய இளைஞர்கள் இறங்கியவுடனே பிடிபட்டார்கள். காதரோடு சேர்த்து நால்வர் 1943 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் நினைவுக்குறிப்பு எழுதிச் சிரிக்க வாழ்ந்திருக்கவில்லை. அவர்கள் முன்னால் நானும் தலை வணங்கி மௌனமாகவே நிற்கிறேன். ஆயினும் அவர்களுக்குப் பயிற்சி தந்தவர்களைக் குறித்து ஒரு வார்த்தை: ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிடும் ஒரு செம்படவக் கிராமத்தில், ஒரு புதுமுகம் கரையேறினால் எத்தனை கண்கள் திரும்பும் என்று ஒரு நிமிஷம் கற்பனை செய்து பார்க்கும் மனம் அந்த ஆசான்களில் ஒருவருக்கேனும் இருந்திருக்கலாகாதா? அந்த மனத்தைத்தான் நாக்ஸ் தம் கடிகாரக் கேள்வியால் மாணவரிடம் வளர்த்தார். அது இல்லாத பயிற்சி, வீரமுள்ள பிள்ளைகளைக் கொண்டுபோய் எமன் வாயில் விட்டது.

இனி, இந்நூல்கள் ஆதாரமாகா என்ற வாதம். இதைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். முதல் உலக யுத்தத்தில் கிரீஸ் தேசத்தில் ஒற்றாடல் அதிகாரியாக இருந்த நாவலாசிரியர் காம்ப்டன் மக்கன்ஸி 1932இல் தம் நினைவுகளை உள்ளபடி வெளியிட்டார். அரசாங்கம் இரகசியச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர, நீதிமன்றம் நூறு பவுன் அபராதமும் நூறு பவுன் வழக்குச் செலவும் விதித்தது. மறு வருஷம் அவர் அதே இலாகாவைப் பரிகாச நாவலாக எழுதினார். அதில் அலுவலகத்தின் உண்மையான வாசனை வந்துவிட்டது. கிரஹாம் கிரீன் மேற்கு ஆப்பிரிக்காவில் ஃப்ரீடவுனிலும் பிறகு லண்டனிலும் இதே உத்தியோகம் பார்த்தவர். கற்பனை ஒற்றர்களுக்குச் சம்பளம் வாங்கிய ஆசாமிகளைப் பற்றிய காகிதங்கள் அவர் மேஜைக்கு வந்தன. 1958இல் அவர் ஹவானாவில் தூசி உறிஞ்சும் யந்திரம் விற்பவனை ஒற்றனாக்கி எழுதிய நாவல் அங்கிருந்து பிறந்தது. ப்ளெட்ச்லியின் இரகசியம் 1974 வரை பொதுமக்களுக்குத் தெரியாது. தேதியையும் பேரையும் சட்டம் பூட்டிவைத்த காலத்தில், உள்ளே இருந்தவர்களுக்கு உண்மை சொல்லத் திறந்திருந்த கதவு நகைச்சுவை ஒன்றே. பின்பு பூட்டுத் திறந்து ஆவணங்கள் வெளிவந்தபோது, கிரீன் கற்பனை என்று சொன்னதைக் காட்டிலும் கார்போவின் கோப்பு விசித்திரமாயிருக்கக் கண்டோம். ஒரு சண்டையில் தான் செய்த அசட்டுத்தனங்களைச் சொல்பவனை நம்பலாமா, தன் தீரத்தை மட்டும் சொல்பவனை நம்பலாமா என்று எந்த நீதிபதியைக் கேட்டாலும் விடை கிடைக்கும்.

கடைசியாகக் கை ஸ்டெர்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவரின் கேள்வி என்னைத் தூங்கவிடாமல் செய்த இரவில் எனக்கு நினைவு வந்தவர் இவரே. ஜெர்மனியில் ஹில்டஸ்ஹைம் நகரத்து யூதச் சிறுவன். 1937இல் பதினைந்து வயதில் தனியாக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். பட்டாளத்தில் சேர்ந்தபின், மேரிலாண்டில் ரிட்சி முகாமில் கைதிகளை விசாரிக்கும் பயிற்சி பெற்றான். அந்த முகாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் சிலர் ஜெர்மன் சீருடை அணிந்து அணிவகுத்து நடப்பார்கள். சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் பார்த்துத் திகைத்துப்போவார்கள். நார்மண்டி இறக்கத்துக்குச் சில நாட்களுக்குப் பின் பிரான்ஸில் கால்வைத்த ஸ்டெர்ன், வாய் திறக்காத ஜெர்மன் கைதிகள் எதற்கு அஞ்சுகிறார்கள் என்று கவனித்தான். ரஷ்யர்களிடம் ஒப்படைக்கப்படுவோமோ என்பதுதான் அவர்கள் நடுக்கம். உடனே அவனும் அவன் தோழன் ஃப்ரெட் ஹோவர்டும் ஒரு நாடகம் தயாரித்தார்கள். ஸ்டெர்ன் ரஷ்யச் சீருடை போட்டுக்கொண்டு, மார்பு நிறையப் பதக்கங்கள் குத்திக்கொண்டு, க்ருகோவ் என்ற அதிகாரியாக, ஸ்டாலின் படத்தின் கீழே உட்கார்ந்து கர்ஜிப்பான். ஹோவர்ட் கைதியிடம் இரக்கம் காட்டுபவனைப் போல, இவரிடம் போவதைவிட என்னிடம் சொல்லிவிடு அப்பா என்று கெஞ்சுவான். அடிக்கவில்லை, நகத்தைப் பிடுங்கவில்லை, கைதிகள் பேசினார்கள்.

அந்த நாடகத்தை ஆடியபோது ஸ்டெர்னுக்குத் தன் தாய் தந்தையும் தம்பி தங்கையும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. யுத்தம் முடிந்து ஊருக்குப் போய் விசாரித்தபோது ஒருவரும் மிஞ்சவில்லை என்று அறிந்தார். பின்னாளில் அவர் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியராகி, க்ருகோவின் கதையை மாணவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் நூறு வயது தாண்டும் வரை சிரித்துக்கொண்டே சொன்னார். குடும்பம் முழுவதையும் பறிகொடுத்த அந்த மனிதரைப் பார்த்து, சாவின் கனம் உமக்குத் தெரியாது என்று சொல்ல நம்மில் எவருக்கு உரிமை இருக்கிறது? 2020இல், தமது 98ஆம் வயதில், அவர் தம் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டார். 'கண்ணுக்குத் தெரியாத மை' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது, எவர் கண்ணிலும் படாமல் மையைப் போல மறைந்து இரு மகனே என்று தந்தை சொல்லிய வார்த்தை அது. நூலகத்துப் பெரியவர் அந்தப் புத்தகத்தை ஒருமுறை படித்துவிட்டு அடுத்த மாதக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நானும் வருகிறேன்.